மேல்மாடி மழை

அந்த வீட்டில் பருத்தியை எந்த நாளில் விதைப்பது என்பதைச் சண்டைதான் முடிவு செய்யும். மற்ற வீடுகளில் வானத்தைப் பார்ப்பார்கள், பக்கத்து நிலத்துக்காரன் என்ன செய்கிறான் என்று பார்ப்பார்கள். இங்கே அப்பா காலை டீயைக் குடித்துக்கொண்டே, "நாளைக்குப் போட்டுடலாம்" என்பார். அடுப்படியிலிருந்து அம்மா, "போடுங்க, காக்காய்க்கு நல்ல தீனி" என்பாள். அங்கே பிடிக்கும் சண்டை. ஒரு வாரம், பத்து நாள் ஓடும். பழைய வருஷத்துத் தப்புகள் எல்லாம் வரிசையாக வெளியே வரும். கல்யாணத்துக்கு முந்தின தப்புகள்கூட வரும். சாப்பாட்டுத் தட்டு டங்கென்று வைக்கப்படும். அப்பா சொல்லாமல் கொள்ளாமல் நிலத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். பிறகு ஒரு நாள் காலையில் டிராக்டர் வாசலில் வந்து நிற்கும். இருவரும் எதுவுமே நடக்காததுபோல விதை மூட்டையை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி ஏற்றுவார்கள்.

அம்மா மார்ச் கடைசியில் போய்ச் சேர்ந்தாள். வயிற்று வலி என்று தன் காலாலேயே நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனவள் அங்கேயே முடிந்துபோனாள்.

அதற்குப் பிறகு அப்பா எதற்கும் சண்டை போடவில்லை. குழம்பில் உப்பு இல்லை என்றால் இல்லாமலே சாப்பிட்டார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு திரிந்தார். சொன்னால் குனிந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார். டிவி சத்தமில்லாமல் ஓடும், அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார். பார்க்கிறாரா என்றால் அதுவும் இல்லை.

"இடிஞ்சு போய் உக்காந்திருந்தாக்கூடத் தூக்கி நிறுத்திடலாம். இவன் சொன்னா எந்திரிக்கிறான், சொன்னா சாப்பிடறான், சொன்னா படுக்கறான். இது என்ன சீக்குன்னே தெரியலையே" என்று அத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். அத்தை அப்பாவுக்கு அக்கா, பின்வீட்டில் இருப்பவள். அம்மா போன நாளிலிருந்து இந்த வீட்டு அடுப்பும் அவள் தலையில்தான்.

மகளும் அழவில்லை. எல்லாரும் தூங்குகிற நேரமாகப் பார்த்து அழலாம் என்று வைத்திருந்தாள், அப்புறம் அவளும் தூங்கிப்போனாள். ராத்திரி முழுக்க உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்ட கை காலையில் யாருடைய கையோபோலக் கிடக்குமே, அப்படித்தான் இருந்தது அவளுக்கு உடம்பு முழுக்க. பஸ் பிடித்து வேலைக்குப் போனாள், வந்தாள்.

அவள் வேலையை அத்தைக்குப் புரியவைக்க ஒருதரம் முயன்றிருக்கிறாள். இருவரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது.

"எங்க ஆபீஸ்ல மேல்மாடியில வானத்தைச் செய்வாங்க அத்தை. கம்ப்யூட்டருக்குள்ள. இந்த வட்டாரத்தைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் தினம் எவ்வளவு வெயில், எவ்வளவு மழை, எவ்வளவு காத்துன்னு பல வருஷத்துக்குப் போட்டுத் தருவாங்க. கீழ்மாடியில நாங்க பருத்தியைச் செய்வோம். அதுவும் கம்ப்யூட்டர்லதான். விதைச்ச நாளைச் சொன்னா முளைக்கும், இலை விடும், காய் வெடிக்கும். அவங்க வானத்தைக் கொண்டாந்து எங்க பருத்தி மேல கவுக்கணும். ரெண்டையும் ஒட்ட வைக்கிறதுதான் என் வேலை."

"களை யார் எடுப்பா?"

"களை கிடையாது அத்தை."

"களையே இல்லாத பருத்தியா? எனக்கும் அங்க ஒரு ஏக்கர் வாங்கிக் குடு" என்றாள் அத்தை.

மே மாதம் பாதி கழிந்தது. டிராக்டர் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, யாரும் கூப்பிடாமலே வந்து நிலத்தை உழுதுபோட்டிருந்தார். விதை மூட்டைகள் கொட்டகைக்கு வந்து சேர்ந்தன. அப்பா அந்த மூட்டைகள் மேலேயே போய் உட்கார ஆரம்பித்தார். காலையில் உட்கார்ந்தால் வெயில் கால் வரைக்கும் வந்த பிறகுதான் எழுந்திருப்பார்.

"மச்சான், இந்த வருஷம் எப்பப் போடறதா உத்தேசம்?" என்றார் மாமா.

"பார்க்கலாம்."

"எதைப் பார்க்கலாம்?"

"பார்க்கலாம்டா."

"வானம் மேல இருக்கு மச்சான். நீங்க தரையையில்ல பார்த்துட்டு இருக்கீங்க."

அப்பா அதற்கும் தலையை ஆட்டினார். மாமாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கேலி செய்தால் திருப்பிக் கடிக்கிற மனுஷன்தான் அவருக்குத் தெரிந்த மச்சான். இந்த ஆளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் டிராக்டரைத் துடைக்கப் போனார்.

அன்றைக்கு அத்தைதான் மகளைக் கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னாள்.

"இவன் நாள் சொல்லப்போறதில்ல. சொல்றதுக்கு எதிர்ல ஒரு ஆள் வேணும், அவ போயிட்டா. நிலம் சும்மா கிடந்துச்சுன்னா இவனும் சும்மா கிடந்தே போயிடுவான். நீதான் தினம் தினம் பருத்தி வளக்கிறியே, அந்தப் பொட்டியைக் கேட்டு ஒரு நாளைச் சொல்லேன்."

"அது அதுக்கில்ல அத்தை. அது பொதுவா வருஷங்கள் எப்படிப் போகும்னு பார்க்கிறதுக்கு. இந்த வருஷம் இந்தத் தேதியில மழை வரும்னு அது சொல்லாது."

"எது சொல்லும்?"

எதுவும் சொல்லாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். அப்பாவின் கால் மட்டும் தெரிந்தது, ஒரு காலில் செருப்பு இல்லை. கழற்றி வைத்தாரா, போடவே இல்லையா என்று யோசித்தாள்.

மறுநாள் ஆபீஸில் தங்கள் நிலம் விழுகிற கட்டத்தை எடுத்தாள். மேல்மாடியிலிருந்து வந்த கோப்பில் சில வருஷங்களின் வானம் ஒட்டுமொத்தமாக இருந்தது. இந்த வருஷம் அதில் கடைசி. வாரத்துக்கு ஒரு நாள் வீதம் தேதியை மாற்றி மாற்றி கம்ப்யூட்டருக்குள் விதைத்துப் பார்த்தாள். ஜூன் முதல் வாரத்தில் போட்டால் காய் அதிகம் என்றது. வழக்கமாக அந்தப் பக்கத்தில் ஜூலை பிறந்தால்தான் விதையைத் தொடுவார்கள். அவளுக்கு ஒரு துள்ளல் வந்தது, உண்மையாகவே வந்தது. அம்மா போன பிறகு முதல் தடவையாக ஏதோ ஒன்று உள்ளே அசைந்த மாதிரி இருந்தது. பருவம் முன்னால் நகர்கிறது! மேல்மாடியில் இருக்கும் வானிலைக்காரரிடம் ஓடிச் சொன்னாள். ஆபீஸில் அவருக்கு மேகம் என்று பட்டப்பெயர், அவருக்கும் அது தெரியும். மேகமும் மகிழ்ந்துபோய், "அடுத்த கூட்டத்துல இதைத்தான் பேசறேன்" என்றார்.

சாயந்திரம் வீட்டில் சொன்னாள்: "ஜூன் முதல் வாரம்ப்பா."

"சரி" என்றார் அப்பா.

அவ்வளவுதான். எதற்கு, ஏன், அவ்வளவு சீக்கிரமா, ஒன்றும் இல்லை. மாமாதான் குதித்தார். "ஊர்ல ஒருத்தனும் மூட்டை வாயைப் பிரிக்கல மருமகளே. நாம மட்டும் போட்டா பைத்தியக்காரன்னு சொல்லுவாங்க."

"காலம் மாறுது மாமா. எல்லாக் கணக்கும் அப்படித்தான் சொல்லுது."

"மச்சான், நீங்க என்ன சொல்றீங்க?"

"அவதான் சொல்லிட்டாளே" என்றார் அப்பா.

அந்த வாரம் ஒரு மழையும் பெய்தது. இரண்டு விரற்கடை நனைந்தது மண். மாமா வாயை மூடிக்கொண்டு விதைக்கும் கருவியை டிராக்டரில் மாட்டினார். மகள் லீவு போட்டுவிட்டு அம்மா செய்கிற வேலையைச் செய்தாள். கருவி விதையைப் போடாமல் விழுங்கிக்கொண்டு சும்மா ஓடிய இடங்களில் பின்னாலேயே போய்க் கையால் ஊன்றுகிற வேலை. மருந்து கலந்த விதை, ரோஸ் நிறம். விரல் நுனியெல்லாம் ரோஸ் ஆனது. அப்பா சாலுக்குச் சால் மண்டியிட்டு மண்ணைக் கிளறி, விதை எவ்வளவு ஆழத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்தார். மூடினார். எழுந்தார். அடுத்த சாலுக்குப் போனார். வேலை சுத்தமாக இருந்தது, குறை சொல்ல முடியாது. மதியம் மரத்தடியில் சோறும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். முட்டை ஓட்டை அப்பா உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். அத்தை வாங்கி உரித்துக் கொடுத்தாள்.

முளைத்தது. அது ஒன்றும் பொய் இல்லை. இரட்டை இலையாக, வரிசை பிசகாமல் முளைத்தது. மகள் காலையில் பஸ்ஸுக்குப் போகும் வழியில் நின்று பார்ப்பாள். அப்பாவையும் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். "நல்லா இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு வானம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி ஆகிவிட்டது. வெயிலில் மேல் மண் பொருக்கு தட்டியது, பிறகு அந்தப் பொருக்கும் வெடித்தது. கிணற்றில் இருந்த தண்ணீர் மேல்துண்டு நிலத்துக்கு ஒரு சுற்றுப் பாய்ந்ததோடு மோட்டார் காற்றை இழுத்தது. டீக்கடையில் "கம்ப்யூட்டர் பருத்தி எப்படி இருக்கு?" என்று அப்பாவைக் கேட்டார்களாம். "இருக்கு" என்றாராம். மாமா வந்து சொல்லிக் கொதித்தார். "நானா இருந்தா டீயை மூஞ்சியில ஊத்தியிருப்பேன். இவர் குடிச்சு முடிச்சு டம்ளரைக் கழுவி வச்சுட்டு வர்றார்!"

தப்பு எங்கே என்பது, ஆபீஸில் அவள் வேறொரு வேலையாக இருக்கும்போதுதான் வெளியே வந்தது. மேகம் தன் கூட்டத்துக்கு ஒரு படம் கேட்டிருந்தார். ஜனவரியிலிருந்து டிசம்பர் வரைக்கும் இந்த வருஷத்து மழையைக் கோடாகப் போட வேண்டும். கோடு நவம்பர் கடைசியோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் கோப்பில் நாளே இல்லை. பருத்தி எடுத்து முடிந்த பிறகு வருகிற நாட்களை யார் பார்க்கிறார்கள்? அவள் அதுவரை பார்த்ததில்லை. மாடியேறிப் போனாள்.

"சார், நீங்க குடுத்த கோப்புல கடைசியில நாள் குறையுது."

"குறையாதே. ஏழு வருஷம் முழுசா இருக்கு."

"ஒரு மாசத்துக்கு மேல இல்லையே சார்."

மேகம் எட்டிப் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க தேதியை எப்படிப் போட்டீங்க?"

"முதல் நாள் ஜனவரி ஒண்ணு. அங்கேருந்து நாட்காட்டி மாதிரி எண்ணிக்கிட்டே போனேன்."

"எங்க நாட்காட்டிப்படி எண்ணணும்மா. எங்க வருஷத்துல எல்லா மாசமும் முப்பது நாள்தான். கணக்குக்கு லேசா இருக்கும்னு ஆரம்பத்துலயே அப்படி வச்சுட்டாங்க. இது ஊருக்கே தெரியுமே."

"எந்த ஊருக்கு சார்?"

மேகம் கொஞ்சம் யோசித்தார். "எங்க மாடிக்கு" என்றார். பிறகு, சமாதானம் செய்கிறவர்போல, "பிப்ரவரி முப்பதுகூட உண்டு எங்ககிட்ட" என்று சிரிக்கப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. அவளும் கேட்டிருக்க வேண்டும். அவரும் சொல்லியிருக்க வேண்டும். நடுவில் இருந்தது ஒரு படிக்கட்டு.

வருஷத்துக்கு ஐந்து நாள் வீதம் நழுவி நழுவி, ஏழாவது வருஷத்தில் மேல்மாடியின் ஜூலை மழை அவள் கணக்கில் ஜூன் தொடக்கத்திலேயே பெய்திருந்தது. பருவம் எங்கேயும் நகரவில்லை. எப்போதும் நிற்கிற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

கீழே வந்து உட்கார்ந்தாள். தேதிகளைச் சரியாகப் போட ஆரம்பித்தாள். மார்ச் முப்பது, அடுத்தது ஏப்ரல் ஒன்று. அம்மா இறந்தது மார்ச் முப்பத்தொன்று. அப்படி ஒரு நாள் மேல்மாடி வருஷத்தில் கிடையாது. இங்கே அம்மா முப்பதாம் தேதி ராத்திரி படுத்து, ஒன்றாம் தேதி காலையில் எழுந்து டீ போட்டிருப்பாள். தனக்குத் துக்கம் வரும் என்று மகள் காத்திருந்தாள். வரவில்லை. கை தட்டச்சு செய்துகொண்டே போனது, அடுத்த மாதத்துக்கும் அதற்கடுத்த மாதத்துக்கும்.

அன்று அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டாள். அத்தையும் மாமாவும் இருந்தார்கள்.

"தப்பு என்னோடதுப்பா. தேதியை எண்ணினதுல தப்பு. ஒரு மாசம் முன்னாடி சொல்லிட்டேன். செடி பிழைக்காது."

"சரி" என்றார் அப்பா. கையில் இருந்த கவளத்தைச் சாப்பிட்டார்.

"சரின்னா என்னப்பா சரி? திட்டுங்களேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? காஞ்சு போய்க் கிடக்கே, தெரியலையா? உழுதது, விதைச்சது, எல்லாம் வீண். ஊரே சிரிக்குது. எழுந்து ஒரு வார்த்தை கத்துங்களேன்!"

"கத்தினா முளைக்குமா?" என்றார் அப்பா. கேலியாகக்கூட இல்லை, நிஜமாகவே கேட்பதுபோலக் கேட்டார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார்.

மாமாதான் அவளுக்காகப் பேசினார். "விடு மருமகளே. நான் டிராக்டர் ஓட்டத் தெரிஞ்ச நாள்லேர்ந்து எத்தனை பேர் தப்பா விதைச்சுப் பார்த்திருக்கேன். அவங்க தேதியை எண்ணாமலே தப்பு பண்ணாங்க. நீ எண்ணிப் பண்ணியிருக்க."

அத்தை சிரித்துவிட்டாள். மகளுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் முகத்தை எப்படி வைப்பது என்று மறந்துபோன மாதிரி பாதியில் நின்றது.

செடிகள் ஒவ்வொன்றாகச் சாகவில்லை. ஒரு நாள் பார்த்தபோது எல்லாமே கரும்பழுப்பாக, தொட்டால் ஒடிகிற பதத்தில் நின்றன. மாமா வந்து மறுபடி உழுதார். வழக்கமாக உழும்போது சத்தமாகப் பாட்டுப் போடுவார், அன்றைக்குப் போடவில்லை. அப்பா வரப்பில் நின்று முழுசும் பார்த்தார். கலப்பை திரும்புகிற இடத்தில் தப்பிப் பிழைத்த நாலு செடிகள் இருந்தன. மாமா டிராக்டரை நிறுத்தி, "விடட்டுமா மச்சான்?" என்று கேட்டார். "ஓட்டு" என்று கையைக் காட்டினார் அப்பா.

ஜூலை பிறந்தது. புது விதை வந்தது. தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் மூட்டை பிரிந்துவிட்டது. மேற்கே மேகம் கூடுவதும் கலைவதுமாக இருந்தது. அப்பா மறுபடியும் மூட்டை மேல் உட்கார்ந்தார். அத்தை இந்தத் தடவை மகளிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் கொட்டகைக்கு டீ கொண்டுபோகும் வேலையை அவளிடம் தள்ளிவிட்டாள், அது கேட்டதுக்குச் சமம்தான்.

ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ்ந்த நேரம். டீயை வாங்கிக்கொண்டு அப்பா கேட்டார்.

"எப்பப் போடலாம்?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். வந்தால் என்ன செய்வது என்றும் யோசித்து வைத்திருந்தாள். வேண்டுமென்றே கோணலாகச் சொல்ல வேண்டும். அவருக்குள் எங்கேயாவது அந்தப் பழைய சண்டைக்காரர் மிச்சம் இருந்தால் அது அவரைக் கிளப்பிவிட வேண்டும்.

"இன்னைக்கே போடுங்க. இப்பவே" என்றாள்.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்தார். மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தார்.

"என்னப்பா பண்றீங்க?"

"இப்பவேன்னியே."

"ஞாயித்துக்கிழமை, பொழுது சாயப்போகுது, டிராக்டர் இல்ல, ஆள் இல்ல. நான் சொன்னா உடனே கிளம்பிடறதா? ஏன் எதிர்த்து ஒண்ணும் கேக்க மாட்டேங்கறீங்க? அம்மா சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா? வீட்டை ரெண்டு பண்ணியிருக்க மாட்டீங்க?"

அப்பா மூட்டையை விட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சண்டைக்கு இழுக்கிறியா?"

அவள் குனிந்து, கீழே இருந்த டம்ளரை மூட்டை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"நாங்க சண்டை போட்டு நாள் முடிவு பண்ணோம்னு நினைச்சுட்டு இருக்கீங்க எல்லாரும். உங்க மாமன், அத்தை, நீ, எல்லாரும்." அம்மா போன பிறகு அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. "உங்கம்மா முத நாளே ஒரு நாள் சொல்லிடுவா. நான் கத்துவேன், அவ கத்துவா. கடைசியில அவ சொன்ன நாள்லதான் போடுவேன். கல்யாணம் ஆன வருஷத்துலேர்ந்து அப்படித்தான். ஒரு வருஷம்கூடத் தட்டினதில்ல. உன் பேச்சையும் அப்படித்தான் கேட்டேன். கத்தறதுக்குத்தான் தெம்பு இல்ல."

மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாள் சொன்னபோது அவர் மறுபேச்சில்லாமல் சரி என்றதை மரத்துப்போனது என்று நினைத்திருந்தாள். அவர் நம்பியிருக்கிறார். அம்மாவை நம்பிய மாதிரியே நம்பி, அவள் சொன்ன தேதியில் போட்டு, அது கருகியதையும் வரப்பில் நின்று பார்த்திருக்கிறார். மார்ச்சிலிருந்து வராமல் இருந்த அழுகை இப்போது கிட்டே வந்து நின்றது.

"சொல்லும்மா. எப்ப?"

"எனக்குத் தெரியாதுப்பா" என்றாள். "கணக்கைத் திருத்திட்டேன். ஆனா அதுக்கும் தெரியாது. மேல்மாடியில யாருக்கும் தெரியாது. நிஜமாவே எனக்குத் தெரியாது."

"அவளுக்கும் தெரியாது" என்றார் அப்பா. "ஆனா சொல்லுவா."

காற்று கொட்டகைக்குள் வந்து காலி சாக்குகளைப் புரட்டிவிட்டுப் போனது. மேற்கே பார்த்தாள். மழை மேகம் இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது.

"வியாழக்கிழமை" என்றாள்.

அப்பா ஆறிப்போன டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"வியாழக்கிழமை ரொம்பச் சீக்கிரம்" என்றார். குரலில் பலமே இல்லை.

"வியாழக்கிழமைதான்" என்றாள் அவள்.